புதுப்பிப்பு: அண்ணனுக்கு இதயத் தசைத் தடிப்பு, எங்கள் எக்கோ முடிவுகள்
அண்ணனுக்கு இதயத் தசை தடித்திருக்கிறது, பரம்பரையாக வருவது, கூடப்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதை முன்பு எழுதியிருந்தேன். காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போய் ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தோம். எனக்கு இதயச் சுவரின் தடிமன் 10 மி.மீ., சரி. தங்கைக்கு 14. பொதுவாக 15 இருந்தால்தான் நோய் என்பார்கள். குடும்பத்தில் ஏற்கெனவே இருந்தால் 13-லேயே கணக்கில் எடுப்பார்களாம். முதல்நாள்தான் முற்றத்தில் குனிந்து நிமிர்ந்து வற்றல் பிழிந்தவள், மூச்சிரைப்புகூடக் கிடையாது!

அப்பச்சி (எங்கள் அப்பா) 42 வயதில் வீட்டு வளவிலேயே சுருண்டு விழுந்ததை மாரடைப்பு என்றே சொல்லிவந்தோம். இப்போது சந்தேகம்.

மரபணுச் சோதனைக்கு அண்ணன் ரத்தம் போயிருக்கிறது. அதில் பிழை தெரிந்தால்தான் எங்களுக்குப் பார்த்துப் பயன். அதுவரை நானும் சில வருடத்துக்கொருமுறை எக்கோ எடுக்க வேண்டும். ஆத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை.