தக்காளி, மிளகாய்: நாற்று வாங்குவதா, விதை போட்டு நாமே எடுப்பதா?

ஒட்டன்சத்திரம் தோட்டம்:
ஆடிப் பட்டத்துக்கு அரை ஏக்கரில் தக்காளியும் ஒரு பத்து சென்டில் மிளகாயும் போடலாம் என்று இருக்கிறேன். சொட்டுநீர் இருக்கிறது. பண்ணையில் தட்டு நாற்று வாங்கி நட்டுவிடு என்கிறார் அப்பா. சித்தப்பாவோ, விதை வாங்கி நாமே விட்டால்தான் நாற்று நம் கைக்குள் இருக்கும் என்கிறார். இரண்டும் செய்தவர்கள் சொல்லுங்கள்.

பாலக்கோட்டார்:
வாங்கிவிடு தம்பி, யோசிக்காதே. அரை ஏக்கருக்கு ஆறாயிரம், ஏழாயிரம் நாற்று வேண்டும். வீரிய ரக விதை விற்கிற விலைக்கு அதைப் பாத்தியில் தூவிவிட்டு எறும்பு தூக்குகிறதா, நாற்றழுகல் வருகிறதா என்று தினமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, ஒரு ராத்திரி மழை அடித்தால் பாதி சாய்ந்துவிடும். பாத்தி நாற்றைப் பிடுங்கும்போது வேர் அறும், நட்ட பிறகு ஒரு வாரம் வாடிக் கிடக்கும். குழித்தட்டில் குழிக்கு ஒரு விதை, வேரோடு அப்படியே உருவி நடலாம், இரண்டு மூன்று நாளில் நிமிர்ந்துவிடும். எல்லாவற்றையும் விட வெள்ளை ஈ இருக்கிறதே, அதுதான் பெரிய விஷயம். நாற்றாக இருக்கும்போதே அது பரப்புகிற இலைச்சுருள் வைரஸ் ஏறிவிட்டால் அந்தச் செடியில் காயை எதிர்பார்க்கவே வேண்டாம். நல்ல பண்ணையில் நைலான் வலைக்குடில் போட்டு அதற்குள்தான் வளர்க்கிறார்கள், நம் வீட்டில் யார் போடுவது?

கரிசல்காட்டுக்காரி:
அண்ணே, நீங்கள் சொன்னதெல்லாம் பாத்திக்கும் தட்டுக்கும் உள்ள வித்தியாசம். வாங்குவதா வளர்ப்பதா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. தட்டை நாமே வாங்கலாமே? தட்டுக்கு 98 குழி, அவர் கேட்கிற அளவுக்கு 70 தட்டு போதும். தட்டுக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே மக்கிய தென்னை நார்க்கழிவு. உப்பு போகக் கழுவாத பச்சை நார்க்கழிவை மட்டும் வாங்கக் கூடாது. விதையை நாற்றழுகலைத் தடுக்கிற டிரைக்கோடெர்மா பூஞ்சைப் பொடியில் புரட்டிப் போட்டு, தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி பாலித்தீன் தாள் போட்டு மூடி, முளை எட்டிப் பார்த்ததும் பிரித்து வைக்க வேண்டும், பிரிக்க ஒரு நாள் தவறினாலும் நாற்று நெட்டையாக வெளிறிப் போகும். நாலு பக்கமும் கம்பு நட்டு வலை கட்டுவது ஒரு பெரிய வேலையா?

பண்ணையில் வாங்கும்போது நாற்றுக்கு எத்தனை நாள் வயசு என்று நமக்கு எப்படித் தெரியும்? தக்காளி 25 நாளில் நட வேண்டியது. யாரோ சொல்லி வைத்துவிட்டு மழை இல்லை என்று எடுக்காமல் போன நாற்று, 40 நாள் தட்டிலேயே நின்று வேர் சுற்றி, பூவும் வைத்திருக்கும், அதைத்தான் "நல்லா தடியா இருக்கு" என்று நம் தலையில் கட்டுவார்கள். அது எங்கள் தெருவிலேயே நடந்தது, காய் பிஞ்சிலேயே சிறுத்துப் போனது.

மாடித்தோட்டம் திருச்சி:
எட்டுப் பை வைத்திருக்கிற எங்களை மாதிரி ஆட்களுக்கு விதைதான். கடையில் வாங்கிய இரண்டு மிளகாய் நாற்றோடு மாவுப்பூச்சியும் சேர்ந்து வந்து மாடி முழுக்கப் பரவிவிட்டது.

பாலக்கோட்டார்:
தங்கச்சி, கம்பு நட்டு வலை கட்டுவது வேலை இல்லைதான், ஆனால் 25 நாளும் ஆள் வேண்டுமே. தட்டில் இருப்பது ஒரு பிடி நார்க்கழிவு, காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் காலையில் தண்ணீர் விட்டு மத்தியானம் பார்க்காமல் விட்டால் காய்ந்து சருகாகிவிடும். ஒரு கல்யாணத்துக்குக் கூடப் போக முடியாது. நாற்று போனால் போவது விதைக் காசு மட்டும் இல்லை, மறுபடி விதைத்து நடுவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும், தக்காளியில் ஒரு மாதம் தள்ளிப் போனால் விலையே வேறு. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் குடைமிளகாய் போடுகிறவர்களைக் கேளுங்கள், அந்த விதை விலைக்குப் பயந்தே நாற்றாக வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

கரிசல்காட்டுக்காரி:
குடைமிளகாய்க்குச் சரி. எங்கள் ஊர் மிளகாய்க்கு? சம்பா, முண்டு நாற்று எந்தப் பண்ணையில் தட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்? அது மழை விழுந்ததும் கரிசலில் நேரடியாக விதைக்கிற பயிர். ராமநாதபுரம் முண்டுக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த விதை இத்தனை காலம் தாங்கி வந்தது பண்ணையால் இல்லை, நல்ல செடியில் நல்ல பழமாகப் பார்த்துப் பறித்து காயவைத்து எடுத்து வைத்த வீட்டு ஆட்களால். எல்லோரும் நாற்று வாங்க ஆரம்பித்தால் பண்ணைக்காரர் எதை விடுகிறாரோ அதுதான் நம் ரகம் என்று ஆகிவிடும். எனக்குக் கோபமே அதில்தான்.

நாற்றுக்காரன்:
நாற்றுப்பண்ணையில் வேலை பார்க்கிறேன். இரண்டு பேரும் விட்டுவிட்ட வழி ஒன்று இருக்கிறது. விதையை நீங்களே வாங்கி, பாக்கெட்டோடு கொண்டுவந்து கொடுங்கள், வளர்ப்புக் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு விட்டுத் தருவோம், பல பண்ணைகளில் இது வழக்கம்தான். ரகமும் உங்களுடையது, விதைத்த தேதியும் தெரியும். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் தக்காளி ரகமான அர்கா ரக்‌ஷக் கொண்டு வருகிறவர்கள் உண்டு, இலைச்சுருள், வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும். ஆனால் அது வீரிய ரகம், பழத்திலிருந்து விதை எடுத்தால் அதே மாதிரி வராது. வீரிய ரகம் இல்லாத பெரியகுளம் பிகேஎம் 1 என்றால் விதை எடுத்து வைக்கலாம்.

ஆயத்த நாற்றுதான் வாங்குவீர்கள் என்றால் ஒன்றை உருவி வேரைப் பாருங்கள், வெள்ளையாக இருக்க வேண்டும். தட்டைத் தட்டினால் வெள்ளை ஈ பறக்கிறதா, வலைக்குடிலுக்கு இரட்டைக் கதவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒட்டன்சத்திரம் தோட்டம்:
தக்காளிக்கு விதை கொடுத்து வளர்க்கச் சொல்வது பிடித்திருக்கிறது. மிளகாயை நானே தட்டில் விடுகிறேன், பத்து சென்ட்தானே. ஒரே நாளில் இரண்டையும் விதைக்கலாமா?

கரிசல்காட்டுக்காரி:
கூடாது. மிளகாய் முளைக்கவே ஒரு வாரம் பத்து நாள் ஆகும், நடுவதற்கு 35லிருந்து 40 நாள். அதை இரண்டு வாரம் முந்தி போட்டுவிடுங்கள். தக்காளியையும் நீங்களே விட்டிருக்கலாம் என்றுதான் இப்போதும் சொல்வேன்.

பாலக்கோட்டார்:
பக்கத்துக் காட்டில் பழைய தக்காளி முடிந்தும் முடியாமலும் நின்றால் முதலில் அதைப் பிடுங்கச் சொல் தம்பி, அங்கிருந்துதான் ஈ வரும். ஈயைத் தடுக்க ஓரத்தில் இரண்டு வரிசை மக்காச்சோளம் இப்போதே போடு, நாற்று வருவதற்குள் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.