உரிமைக்காக வாதாடியவர் நீதிபதியானால் நடுநிலை இருக்குமா?

கேள்வி:
அமெரிக்காவின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்ற (தேசிய அளவிலான விசாரணை நீதிமன்றம்) நீதிபதிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி ஏறக்குறைய 20 ஆண்டுகள் கறுப்பின மக்களின் உரிமை வழக்குகளை நடத்திவிட்டு, 1966-இல் நியூயார்க் தெற்கு மாவட்ட நீதிமன்றத்துக்கு நீதிபதியாகப் போயிருக்கிறார். அப்படி ஒரு பக்கம் நின்று வாதாடியவரிடம் நடுநிலையை எதிர்பார்க்க முடியுமா?

பதில் 1:
மிசிசிப்பி செனட்டர் ஈஸ்ட்லாந்தும் அவரை எதிர்த்தார். ஜனவரியில் அறிவித்த நியமனத்துக்கு ஆகஸ்ட் கடைசியில்தான் செனட் ஒப்புதல் கிடைத்தது. அந்தப் பதவியில் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண் அவர்.

பதில் 2:
விசாரணை நீதிமன்றங்களிலேயே காலம் கழித்த வழக்கறிஞன் நான். பெரிய நிறுவனங்களுக்காக வாதாடிவிட்டு நீதிபதியானவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

1975-இல் இந்தக் கேள்வி மோட்லி முன்பே மனுவாக வந்தது. வேலைக்கு எடுப்பதில் பெண்களிடம் பாகுபாடு காட்டுவதாக சல்லிவன் அண்ட் கிராம்வெல் என்ற சட்ட நிறுவனத்தின் மீது ஒரு பெண் வழக்குப் போட்டிருந்தார். 'நீங்களும் பெண், பாகுபாட்டு வழக்குகளை நடத்தியவர், அதனால் விலகிக்கொள்ளுங்கள்' என்பது நிறுவனத் தரப்பின் கோரிக்கை. மோட்லி மறுத்துவிட்டார். இனமும் பாலினமும் பழைய பின்னணியும் விலகுவதற்குக் காரணம் என்றால், இந்த நீதிமன்றத்தில் யாருமே இந்த வழக்கைக் கேட்க முடியாது என்றார். ஆண் நீதிபதிக்கும் பாலினம் உண்டே! நீதிபதி விலக வேண்டும் என்ற வாதம் வரும்போது இந்த உத்தரவை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

அவர் தீர்ப்பு எழுதும் விதத்தைப் பார்க்க வேண்டுமானால் 1978-இன் லுட்கே வழக்கைப் படியுங்கள். 1977 பேஸ்பால் உலகத் தொடரில் ஒரு பெண் நிருபரை வீரர்களின் உடை மாற்றும் அறைக்குள் விடவில்லை. யாங்கி ஸ்டேடியம் நியூயார்க் நகரத்துக்குச் சொந்தம். அந்த ஒரு நூலைப் பிடித்துத்தான், அரசு எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும் என்று சொல்லும் அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தத்துக்குள் வழக்கைக் கொண்டுவந்தார். வீரர்களின் அந்தரங்கத்தைக் காக்கத் திரை போட்டாலே போதும், பெண்களை மொத்தமாகத் தடுக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தார். வெறும் அனுதாபத்தில் எழுதிய தீர்ப்பு என்றால் அந்த இடத்தின் உடைமையை யார் தேடிப் பார்க்கப் போகிறார்கள்?

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. மேல்முறையீட்டில் அவர் தீர்ப்புகள் நின்றனவா?

பதில் 2:
எல்லாம் முழுசாக நிற்கவில்லை. மார்ட்டின் சோஸ்ட்ரே என்ற கைதியை ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தனிமைச் சிறையில் வைத்தது கொடூரமான தண்டனை என்று 1970-இல் தீர்ப்பளித்தார். மறு வருஷம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதில் ஒரு பகுதியை ஏற்று, ஒரு பகுதியை ரத்து செய்தது. விசாரணை நீதிபதிக்கு இது வழக்கமான அனுபவம்தான்.

பதில் 3:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞராக உச்ச நீதிமன்றத்தில் அவர் வாதாடியவை 10 வழக்குகள். தோற்றது ஒன்றே ஒன்று: ஜூரியிலிருந்து கறுப்பினத்தவரை நீக்குவது பற்றிய 1965-இன் ஸ்வெய்ன் வழக்கு. 1986-இல் பேட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றமே அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டது. மோட்லி அப்போதும் நீதிபதிதான். 2005-இல் இறக்கும்வரை பதவியில் இருந்தார்.