புதுப்பிப்பு: ஷெனில் குஷன் உறை முடிந்தது

மெத்தென்று குட்டை இழைகள் நிற்கும் ஷெனில் துணியை வெட்டினால் ஓரம் உதிர்கிறது, தைக்கும்போது நழுவுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். சரி, உறை தைத்து முடித்தாயிற்று.

உதிர்வதற்குக் காரணம் ஷெனில் நெய்யும் நூல்தான். குட்டை இழைகளை நடுநூல் முறுக்கிப் பிடித்திருக்கிறது. வெட்டிய இடத்தில் பிடி விட்டுப்போகும். அதனால் தையலுக்கு அரை அங்குலத்துக்கு மேல் விட்டு, வெட்டிய கையோடு ஓரத்தில் ஜிக்ஜாக் அடித்தேன். நழுவலுக்கு, தையல் மெஷினில் மாட்டும் வாக்கிங் ஃபுட் என்ற அழுத்துபாதம்தான் மருந்து: மேல்துணியும் கீழ்த்துணியும் சேர்ந்தே நகரும். ஊசி 14 நம்பர், தையல் நீளம் 3 மி.மீ.க்குச் சற்று மேல். குண்டூசி இழைக்குள் காணாமல் போகிறது, அதைவிடக் கிளிப் போடுவது நல்லது.

இஸ்திரிப் பெட்டியை அழுத்தாதீர்கள், இழை படுத்துவிடும். பின்பக்கம் ஆவி காட்டினால் போதும். அப்புறம், மெஷினில் பாபின் (அடிநூல் சுற்றிய உருளை) இருக்கும் இடத்தை அவ்வப்போது திறந்து பிரஷ் போடுங்கள். பூனை படுத்து எழுந்த மாதிரி அவ்வளவு பஞ்சு!