அப்பல்லோ நிரல் கையில இருக்கு, எஸ்.எல்.வி-3 நிரல் எங்கே?

கோரிப்பாளையம் குமார்

ஜூலைக் கூட்டத்துக்கு ஒரு யோசனை. 1969 ஜூலை 20-ல நிலாவுல இறங்குன ஈகிள் கலத்தோட கம்ப்யூட்டர் நிரல், 'லுமினரி 99', முழுசா கிட்ஹப்ங்கிற நிரல் பகிர்வுத் தளத்துல கிடக்கு. அதுல நாலஞ்சு பக்கம் பிரிண்ட் எடுத்து, நத்தம் ரோடு கலைஞர் நூலகத்துல காலேஜ் பசங்களோட உட்கார்ந்து வரிவரியாப் படிப்போம்.

கூடவே இன்னொண்ணு. 1980 ஜூலை 18-ல ரோகிணி செயற்கைக்கோளச் சுமந்துட்டுப் போச்சே நம்ம எஸ்.எல்.வி-3 ராக்கெட், அதோட நிரல், கணக்குத்தாள், எது மிச்சம் இருந்தாலும் வெளியிடுங்கன்னு இஸ்ரோவுக்கு நம்ம குழு சார்பா ஒரு கடிதம் போடணும். யாரெல்லாம் கையெழுத்துப் போடுறீங்க?

ஆனையூர் ஐயா

முதல் பாதிக்கு நான் வருகிறேன். இரண்டாம் பாதிக்கு என் கையெழுத்து கிடையாது.

எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் முதல் கட்ட மோட்டார்தான் 1989 மே மாதம் பறந்த அக்னி ஏவுகணைக்கும் முதல் கட்டம். நிலவில் இறங்கும் நிரலை வைத்துக்கொண்டு எவனும் எந்த ஊர் மேலும் குண்டு போட முடியாது. இது அப்படியல்ல தம்பி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையே எடுத்துப் பாருங்கள். 20 ஆண்டு கழிந்தால் பல விலக்குகள் தானாக விழுந்துவிடும். நாட்டின் பாதுகாப்பு, அறிவியல் நலன் பற்றிய 8(1) முதல் உட்பிரிவு அப்படி விழாது. அமெரிக்க அரசு ஊழியர் எழுதியதற்கு அங்கே பதிப்புரிமை கிடையாது. இங்கே அரசு வெளியீட்டுக்கு 60 ஆண்டு.

பாதுகாப்பது வேறு, பந்தி வைப்பது வேறு. வாயேஜர்-1 விண்கலம் 2023 நவம்பரில் உளற ஆரம்பித்ததே, கெட்டுப்போன நினைவகச் சில்லில் இருந்த நிரலை வேறு இடங்களுக்குப் பிரித்து மாற்றி மறு ஏப்ரலில் சரிசெய்தவர்கள் நாசாவின் ஜே.பி.எல். ஆய்வக ஆட்கள். கிட்ஹப்பில் வேடிக்கை பார்த்தவர்கள் அல்ல.

தெப்பக்குளம்

அடுத்த பதிவுல ஓலைச்சுவடி, ஆடிப்பெருக்கு, கரையான் மூணும் வரும்னு ஒரு ஜிகர்தண்டா பந்தயம்.

செல்லூர் நிலா

ஜிகர்தண்டாவ நீங்களே குடிங்க அண்ணே. கரையான் எதுக்கு? மனுசனே போதும்.

ஐயா, "பாதுகாத்தாப் போதும்"னு சொல்றீங்க. சரி, யாரு பாதுகாப்பா? அப்பல்லோ 11 நிலாவுலருந்து அனுப்புன ஒளிபரப்போட மூலப் பதிவு நாடாக்களத் தேடு தேடுன்னு தேடிட்டு, அழிச்சு மறுபடி பயன்படுத்தியிருப்பாங்கன்னு 2009-ல நாசாவே கைய விரிச்சுருச்சு. அவ்வளவு பெரிய அமைப்பு, அவ்வளவு பெரிய சம்பவம்! ஆனா நிரல் தப்பிச்சுச்சு. எப்படி? அமெரிக்காவுல எம்.ஐ.டி. பல்கலைக்கழக மியூசியத்துலயும், எழுதுன ஆளுங்க வீட்டுலயும் காகிதப் பிரதியாக் கிடந்துச்சு. ரான் பர்க்கிங்கிறவர் 2003-ல ஆரம்பிச்ச 'விர்ச்சுவல் ஏஜிசி' (ஏஜிசின்னா அப்பல்லோ கம்ப்யூட்டர்) குழு அதுகளத் தேடிப் பிடிச்சு, ஸ்கேன் எடுத்து, உட்கார்ந்து தட்டச்சுச் செஞ்சாங்க. நினைவகத்தோட ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு செக்சம், அதாவது சரிபார்க்குற கூட்டுத்தொகை, இருக்கு. ஒரு கட்டளை தப்பா அடிச்சிருந்தாலும் கூட்டுத்தொகை உதைக்கும். அதனால சும்மா பார்த்து எழுதுன பிரதின்னு தள்ளவும் முடியாது.

படிச்சா என்ன கிடைக்கும்னு கேப்பீங்க. இறங்குறதுக்கு முன்னாடி, தரையப் பார்க்குற ரேடாரோட ஆன்டெனா சரியான நிலையில இருக்கான்னு நிரல் பார்க்குது. இல்லைன்னா திரையில 500-னு காட்டும். அந்த வரிக்குப் பக்கத்துல எழுதியிருக்கிற குறிப்போட சாரம்: 'வீரரே, அந்தச் சனியனக் கொஞ்சம் திருப்பி விடுங்க.' அவரு திருப்பியாச்சுன்னு பொத்தான அமுக்குனா, அடுத்த குறிப்பு: 'பொய் சொல்றாரான்னு பாரு.' மறுபடியும் போய்ச் சோதிக்குது! பயனர் சொல்றத நம்பாதேன்னு நான் டெஸ்டிங் டீம்ல புதுப் பசங்களுக்குத் தொண்டை வத்தக் கத்துறேன். இதக் காட்டுனா ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும்.

அந்த நிரல அப்புறம் கம்பியில நெய்தாங்க. காந்த வளையத்துக்குள்ள கம்பி போனா 1, வெளிய சுத்திப் போனா 0. மொத்தம் 36,864 சொற்கள், ரேதியான் ஆலையில பெண்கள் கையால. எங்க ஏரியாத் தறியில ஒரு இழை தப்புனா சேலையில தெரியும், அங்க நிலாவுல தெரிஞ்சிருக்கும்.

அக்னி விசயத்துக்கு வர்றேன். எஸ்.எல்.வி-3 பறக்கும்போது தன் பாதையக் கணக்குப் போட்டுத் திருத்திக்கிற ராக்கெட்டே கிடையாது. முன்கூட்டியே பதிஞ்சு வச்ச சாய்வு வரிசைப்படி திரும்பும், அவ்வளவுதான். அப்படித் தானே திருத்திக்கிற 'மூடிய சுற்று வழிகாட்டல்' அடுத்த ராக்கெட்டான ஏ.எஸ்.எல்.வி.யிலதான் வந்துச்சு. 40 கிலோவத் தூக்குன ராக்கெட்டோட சாய்வு அட்டவணைய வச்சு இன்னைக்கு யாரு என்ன திருடப் போறா?

ஆனையூர் ஐயா

அட்டவணையில் ஒன்றுமில்லை என்பதை யார் சான்று கொடுப்பது அம்மா? பக்கம் பக்கமாகப் பார்த்து 'இது போகலாம், இது கூடாது' என்று சொல்ல, அதில் வேலை பார்த்தவர்தான் வேண்டும். அவர்கள் எல்லாம் என்னைவிட மூத்தவர்கள்.

இயந்திரமும் சூழலும் இல்லாத நிரல் ஆபத்தும்கூட. 1996 ஜூன் 4, ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட். ஏரியான் 4-இல் ஒழுங்காக ஓடிய நிரல்தான். புது ராக்கெட்டின் வேகத்தில் 64 பிட் எண் 16 பிட்டுக்குள் அடங்காமல் ராக்கெட்டே வெடித்தது. பழைய நிரலைக் கண்டவன் கையில் கொடுத்தால் இதுதான் கதி.

செல்லூர் நிலா

அது கண்டவன் கையில போகல ஐயா, சொந்த வீட்டுக்குள்ளயே நடந்துச்சு. இன்னைக்கு நீங்க 64, 16-னு பிட் கணக்கோட சொல்றீங்கன்னா, விசாரணைக் குழு ஒன்றரை மாசத்துல அறிக்கை கொடுத்து அத ஊருக்கே வெளியிட்டாங்க. அதனாலதான்.

கோரிப்பாளையம் குமார்

ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணு. நிரலக் கேட்க வேணாம், பட்டியலக் கேப்போம். என்னென்ன இருக்கு, எதுல இருக்கு, நாடாவா காகிதமா, படிக்குற கருவி இன்னும் ஓடுதா. 1993 பொதுப் பதிவேடுகள் சட்டத்துல கம்ப்யூட்டர்ல உருவான பொருளும் பதிவேடுதான்னு விளக்கத்துலயே இருக்கு. பட்டியல் கேட்டா யாருக்கும் உறுத்தாது.

தெப்பக்குளம்

பட்டியல் வந்து, அதுல 'இல்லை'ன்னு ஒரே வரி இருந்தா?

கோரிப்பாளையம் குமார்

அதுவும் தெரிஞ்சுக்க வேண்டியதுதானே அண்ணே.

ஆனையூர் ஐயா

வரைவை அனுப்புங்கள், வாசித்துப் பார்க்கிறேன். 'வெளியிடுக' என்று ஓரிடத்தில் இருந்தாலும் என் பெயரை எடுத்துவிடுங்கள்.

செல்லூர் நிலா

அது இல்லாத கடிதம்னா என் பேர எடுத்துருங்க குமார் அண்ணே. ஜூலைக்கு அந்த 500-ங்கிற எண் வர்ற பக்கத்த நான் பிரிண்ட் எடுத்துட்டு வர்றேன்.