கேன் காலி, ஆப்ல "ஆஃப்"

குழு: நம்ம வீடு (சிங்கப்பூர் + திருச்சி)

யாழினி, காலை 6:38
[படம்]
அப்பா முழிச்சிருக்கீங்களா? பவள மீன்தொட்டி முழுக்க பால் மாதிரி இருக்கு. பின்பக்கக் கண்ணாடியே தெரியல.

அம்மா, 6:40
முழிச்சுத்தான் இருக்கோம் டி. இங்க மணி நாலு பத்து, அஞ்சரைக்கு முகூர்த்தம். அப்பா குளிக்கிறாரு, கூப்பிடுறேன்.

குமார் சித்தப்பா, 6:41
யாழ், கீழ கேபினட்டைத் திற. சுண்ணாம்புத் தண்ணி கேன்ல எவ்வளவு இருக்கு?

யாழினி, 6:42
காலி சித்தப்பா. நேத்து ராத்திரி 10 லிட்டர் கோட்டுல இருந்துச்சு, நானே பாத்தேன். பம்ப் இன்னும் உர்ர்னு ஓடுது.

அப்பா, 6:43
வந்துட்டேன்மா. ஆப்ல ஏடிஓ, அதான் ஆவியான தண்ணியைத் தானா நிரப்புற பம்ப், "ஆஃப்"னு காட்டுது. இங்கிருந்து ரெண்டு தடவை ஆன் ஆஃப் பண்ணிப் பாத்தேன். ஓடுதா இன்னும்?

யாழினி, 6:43
ஓடுதுப்பா.

குமார் சித்தப்பா, 6:44
ஆப்பை விடுண்ணே. யாழ், அந்தப் பம்போட பிளக்கைக் கையால உருவு. கை ஈரமா இருந்தா துடைச்சுட்டு. தண்ணியைத் தொட்டிக்கு ஏத்துற ரிட்டர்ன் பம்பையும் குளிராக்குற சில்லரையும் தொடாத.

யாழினி, 6:46
உருவிட்டேன். நின்னுருச்சு.

அப்பா, 6:46
டோஸரையும் உருவும்மா, உடனே. 8 மணிக்கு அடுத்த டோஸ் இருக்கு. தொட்டியில என்ன நடந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது, அது பாட்டுக்கு மேல மேல காரத்தை ஊத்தும்.

யாழினி, 6:47
அதுவும் ஆச்சு. பிஹெச் 9.1 காட்டுது. வெப்பம் 26.1.

அப்பா, 6:48
9.1ஆ. ராத்திரி 8.3 இருந்திருக்கும். மீன் எப்படி இருக்கு?

யாழினி, 6:49
க்ளவுன் ரெண்டும் மேல ஓரமா நிக்குது, மூச்சு வேகமா விடுது. டார்ச் கோரல் முழுசா உள்ள இழுத்துக்கிச்சு. மத்தது ஒண்ணும் தெரியல, அவ்வளவு வெள்ளை.

மாலதி அத்தை, 6:50
என்னடா தம்பி இது காலங்காத்தால. அம்மா பக்கத்துல இருக்காங்க, தொட்டியில எதுக்கு சுண்ணாம்புன்னு கேக்குறாங்க.

அப்பா, 6:52
அக்கா, பவளம் தன் எலும்பைக் கட்டுறதே கால்சியமும் கார்பனேட்டும் எடுத்துத்தான். கடல்ல அது குறையாது, 300 லிட்டர் தொட்டியில தினமும் குறையும். அதனால ஆவியாப் போற தண்ணிக்குப் பதிலா சுண்ணாம்புத் தெளிநீர் சேக்குறோம். ஒரு நாளைக்கு ரெண்டரை லிட்டர், கொஞ்சம் கொஞ்சமா. இன்னைக்கு 10 லிட்டர் ஒரே மூச்சுல போயிருக்கு.

குமார் சித்தப்பா, 6:53
அந்த வெள்ளை, கால்சியம் கார்பனேட் படிஞ்சு மிதக்குறது. பாக்கத்தான் பயமா இருக்கும், அது விஷம் இல்ல யாழ். உண்மையான ஆபத்து பிஹெச் ஏறினது. முதல்ல அதை இறக்கணும்.

அப்பா, 6:55
கையுறை போட்டுக்கோ. முதல் வேலை: கீழ இருக்குற சம்ப் தொட்டியில இருந்து ஒரு வாளி, 10 லிட்டர் எடுத்து வெளிய வை. தண்ணி மட்டம் ஏறியிருக்கும், நுரையால அழுக்கு எடுக்குற ஸ்கிம்மர் பொங்கி வழியும். அப்புறம் கிச்சன்ல வெள்ளை வினிகர் இருக்கு, அளவு குவளையில 40 மில்லி. சம்ப்ல, ஸ்கிம்மர் பக்கத்துல, ரெண்டு மூணு நிமிஷம் எடுத்து மெதுவா ஊத்து. தொட்டிக்குள்ள பவளத்து மேல ஊத்தாத.

மாலதி அத்தை, 6:56
வினிகர் ஊத்தினா மீன் செத்துப் போகாதா?

அப்பா, 6:58
300 லிட்டருக்கு 40 மில்லி ரொம்பக் கம்மிக்கா. காரத்தைக் கொஞ்சம் அமிலம் சமன் பண்ணும். ஒரேயடியா இறக்கினாத்தான் தப்பு. வினிகரைத் தின்னு பாக்டீரியா பெருகும், அது ஆக்சிஜனை இழுக்கும், அதனால ஸ்கிம்மர் நிக்கவே கூடாது. ஸ்கிம்மர் இழுக்குற காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடும் பிஹெச்-ஐ இறக்கும்.

யாழினி, 7:21
வாளி எடுத்தாச்சு. வினிகர் ஊத்தியாச்சு. 8.9.

அப்பா, 7:22
நல்லா பண்ணுற கண்ணு. அரை மணி நேரம் விடு, அப்புறம் இன்னொரு 40. இன்னைக்குத் தீனி போடாத. பிஹெச் ஏறினா தண்ணியில இருக்குற அமோனியாவோட விஷம் கூடும், மீன் கழிவு குறைவா இருக்கட்டும்.

அம்மா, 7:24
காலேஜுக்கு மணி ஆகலையா?

யாழினி, 7:24
இன்னைக்கு 11 மணிக்குத்தான்மா லேப். இதை விட்டுட்டுப் போக மாட்டேன்.

யாழினி, 8:05
ரெண்டாவது 40 ஊத்தினேன். 8.6. பாறை லேசாத் தெரியுது. ஆல்கலினிட்டி (கார்பனேட் அளவு) டெஸ்டும் பண்ணேன்: 11.0 டிகேஹெச்.

அப்பா, 8:07
போன வாரம் 8.1. சுத்தமான சுண்ணாம்புத் தெளிநீர்னா 10 லிட்டருக்கு நம்ம தொட்டியில கிட்டத்தட்ட நாலு டிகேஹெச் ஏறணும். கொஞ்சம் படிஞ்சு போனதால 11-ல நிக்குது. வினிகர் போதும், நிறுத்திடு. மிச்சம் தானா இறங்கும்.

யாழினி, 8:09
பாதித் தண்ணி மாத்தட்டுமா? ஸ்டோர்ல உப்பு டப்பா இருக்கு.

அப்பா, 8:12
வேண்டாம்மா. அந்த உப்பைக் கரைச்சாலே 11-க்கு மேல வரும், அதை ஊத்தி எதைக் குறைக்குறது? பழைய நீல டப்பா உப்பு 8 கிட்ட வரும், அதுல 30 லிட்டர் கலக்கி வை, சாயங்காலம் மாத்தலாம். 10 லிட்டர் நல்ல தண்ணி சேந்ததுல உப்பளவும் 35-ல இருந்து 34-க்கு வந்திருக்கும். அதையும் இன்னைக்கே சரி பண்ண வேண்டாம். பவளம் வேற அளவுல பிழைச்சுக்கும், அளவு சட்டுனு மாறுறதுதான் அதுக்கு ஆகாது.

குமார் சித்தப்பா, 8:15
ஷிஃப்ட் முடிச்சு 4 மணிக்கு வரேன். அந்த பவர் ஸ்ட்ரிப்பை யாரும் திறக்காதீங்க.

அப்பா, 8:16
வாடா. அந்தப் பச்சை அக்ரோபோரா பவளத்தை மட்டும் ஒரு கண்ணு பாரு குமாரு. விரல் நுனி அளவு துண்டா வாங்கி வளத்தது.

குமார் சித்தப்பா, மாலை 5:02
[படம்]
அண்ணே, ஸ்ட்ரிப்பைக் கழட்டி மல்டிமீட்டர் வெச்சுப் பாத்தேன். நாலாவது சாக்கெட், கன்ட்ரோலர் "ஆஃப்" சொல்லுது, உள்ள கரண்டை விட்டு நிறுத்துற ரிலே ஸ்விட்ச்சோட கான்டாக்ட் ஒட்டியே கிடக்கு. இதுலதானே முன்னாடி சில்லர் ஓடிச்சு? கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்குற கரண்ட்ல கான்டாக்ட் கருகியிருக்கும். அப்புறம் சின்ன பம்ப் மாட்டினாலும் ஒரு நாள் ஒட்டிக்கும்.

குமார் சித்தப்பா, 5:04
ஆப் காட்டுறது தான் போட்ட உத்தரவை. பிளக்ல கரண்ட் போகுதா இல்லையான்னு இந்த மாடல் அளக்காது. தண்ணி மட்டம் பாக்குற மிதவை சரியா வேலை செஞ்சுச்சு, கன்ட்ரோலரும் சரியாத்தான் "நிறுத்து"ன்னு சொல்லிச்சு. கேக்க வேண்டிய ரிலே கேக்கல.

அப்பா, 5:10
பிஹெச் அலாரம் ராத்திரி 2:50-க்கே போயிருக்கு. என் சிங்கப்பூர் நம்பருக்கு மட்டும். இங்க ரோமிங் இல்ல, மண்டப வைஃபைதான். கரண்ட் அளக்குற பெரிய கன்ட்ரோலரா வாங்கிடலாமா?

குமார் சித்தப்பா, 5:16
எந்தக் கன்ட்ரோலர் வாங்கினாலும் ஒரு நாள் கெடும்ணே. ஃபேக்டரியில நாங்க கேக்குற கேள்வி, கெட்டா எவ்வளவு கெடுக்கும்ங்கிறதுதான். இப்ப இருக்குற பம்ப் நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் தள்ளும். பத்தே நிமிஷத்துல கேன் காலி. இதே ஞாயித்துக்கிழமையா இருந்தா கேன்ல 25 லிட்டர். தொட்டியும் போயிருக்கும், ஹால் தரையும் நனைஞ்சிருக்கும்.

குமார் சித்தப்பா, 5:21
அதுக்குப் பதிலா, குழாயை உருளையால அழுத்திக் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளுற பெரிஸ்டால்டிக் பம்ப் போடு, நிமிஷத்துக்கு 4 மில்லி. தினமும் பத்து மணி நேரம் ஓடினா 2.4 லிட்டர், உன் தேவை அவ்வளவுதான். ராத்திரி எட்டு மணி நேரம் ஒட்டிக்கிட்டு ஓடினாக்கூட ரெண்டு லிட்டருக்குள்ள, ஒரு டிகேஹெச் கூட ஏறாது. கேனையும் 5 லிட்டராக் குறை. ஆப்ல போட்ட எல்லை தப்பாப் போகலாம், 5 லிட்டர் கேன்ல இருந்து 6 லிட்டர் வராது.

அப்பா, 5:24
5 லிட்டர்னா ரெண்டு நாளைக்கு ஒரு தடவை நிரப்பணுமே. ஊர்ல இருந்தா?

யாழினி, 5:25
நான் நிரப்புறேன்பா. அடியில படிஞ்ச சுண்ணாம்பை உறிஞ்சாம குழாயைத் தூக்கி வைக்கணும், அவ்வளவுதானே.

குமார் சித்தப்பா, 5:27
குழாயோட மறுமுனையும் சம்ப் தண்ணிக்கும் கேன் தண்ணி மட்டத்துக்கும் மேல தொங்கணும் யாழ். கேன் மட்டத்துக்குக் கீழ இருந்தா, குழாய் தேஞ்ச அன்னைக்கு சைஃபன் ஆகித் தானாவே இறங்கும். டோஸருக்கும் அதே. அண்ணே, கன்ட்ரோலர் தொடர்பு அறுந்தா எந்த சாக்கெட் என்ன நிலைக்குப் போகணும்னு செட்டிங் இருக்குல்ல, அதுல ரிட்டர்ன், அலை பம்ப் எல்லாம் "ஆன்", டோஸரும் ஏடிஓவும் "ஆஃப்"னு இப்பவே மாத்திடு. ரிலே ஒட்டினா அது உதவாது, வைஃபை போனா உதவும்.

அப்பா, 5:31
மாத்திட்டேன். அலாரத்தை யாழினி நம்பருக்கும் உன் நம்பருக்கும் சேத்துட்டேன்.

மாலதி அத்தை, 5:33
மீன் எல்லாம் நல்லா இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க முதல்ல.

யாழினி, 5:35
[படம்]
நல்லா இருக்கு அத்தை. தண்ணி தெளிஞ்சிருச்சு, க்ளவுன் கீழ வந்துருச்சு. டார்ச் பாதி விரிஞ்சிருக்கு. பச்சை அக்ரோபோரா ரெண்டு கிளை நுனி மட்டும் வெளுத்திருக்கு.

அப்பா, 5:38
நுனியில நின்னா பிழைச்சுக்கும். அடியில இருந்து தோல் உரிஞ்சா உடனே சொல்லு, அந்தக் கிளையை வெட்டி எடுக்கணும். விளக்கைக் கொஞ்சம் குறைச்சு வை.

யாழினி, மறுநாள் இரவு 8:14
30 லிட்டர் நேத்தே மாத்தியாச்சு. இன்னைக்கு ஆல்கலினிட்டி 10.1, பிஹெச் 8.3, உப்பளவு 34.2. வெளுப்பு பரவல. பம்ப் தலையில வெள்ளையாப் படிஞ்சிருக்கு.

அப்பா, 8:16
ஆல்கலினிட்டி 9-க்குக் கீழ வர்ற வரைக்கும் டோஸர் பிளக்கை மாட்டாத. பம்பை வினிகர்ல ஊற வெச்சுக் கழுவலாம், ஆனா ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும். அலை நிக்கக் கூடாது.

குமார் சித்தப்பா, 8:20
பம்ப் சனிக்கிழமை வாங்கிட்டு வரேன். யாழ், இப்ப இருக்குற குழாய் 6 மில்லிமீட்டரா?

யாழினி, 8:22
அளந்து சொல்றேன் சித்தப்பா. நாலாவது சாக்கெட் மேல டேப் ஒட்டி "மாட்டக் கூடாது"ன்னு எழுதிட்டேன்.