போக்கர் பழக எந்த புரோகிராம்? எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு

*நாதன் சித்தப்பா:* அகிலா, ஒரு சந்தேகம். ரிட்டயர் ஆன பிறகு ரம்மிக்கு ஆள் சேருவதே இல்லை. டெக்சாஸ் ஹோல்டம் போக்கர் பழகலாம் என்று பார்க்கிறேன். கம்ப்யூட்டரே எதிராளியாக உட்காரும் புரோகிராம் நிறைய இருக்கிறதாமே, எதை எடுக்கலாம்?

*பெரியம்மா:* நாதா, இந்த வயதில் சூதாட்டம் எதற்கு? ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டவர் நம் தெருவிலேயே இருக்கிறார்.

*அகிலா:* பெரியம்மா, நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025-ல் மத்திய அரசே தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. சித்தப்பா கேட்பது வேறு. லேப்டாப்பில் சும்மா காய்களை வைத்து ஆடுவது, ஒரு ரூபாய்கூட வெளியே போகாது.

*பெரியம்மா:* அப்படியென்றால் சரி. வங்கிக் கணக்கு எண் கேட்டால் உடனே மூடிவிட வேண்டும், நாதா.

*நாதன் சித்தப்பா:* சரி அண்ணி, கண்டிப்பாக.

*கதிர்:* அக்கா, இருப்பதிலேயே பலமான புரோகிராமை அப்பாவுக்கு இறக்கிக் கொடுங்கள். லிப்ராட்டஸ்தானே அது?

*அகிலா:* கதிர், அது கடையில் கிடைக்கிற சாமான் இல்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டூமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் செய்தது. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரத்துக் கேசினோ ஒன்றில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 ஆட்டம் ஆடி ஜெயித்தது. அதற்குப் பின்னால் ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே ஓடியது. 2019-ல் ஆறு பேர் மேசையில் ஜெயித்த புளூரிபஸ் என்ற புரோகிராமின் நிரலையும் பொதுவில் விடவில்லை.

*கதிர்:* அப்போ செஃபியஸ்? அதை யாராலும் ஜெயிக்க முடியாது என்று படித்தேன்.

*அகிலா:* கிட்டத்தட்ட உண்மைதான். கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் செய்தது, 2015-ல் வெளியானது. ஒரு மனிதர் ஆயுள் முழுக்க உட்கார்ந்து ஆடினாலும் தனக்கு ஆதாயம் இருக்கிறது என்று உறுதியாகக் காட்ட முடியாத அளவுக்கு அதன் ஆட்டம் பிசகில்லாதது. ஆனால் இரண்டே பேர் ஆடும், பந்தயத் தொகைக்கு வரம்பு உள்ள லிமிட் ஹோல்டம் மட்டும்தான் அதற்குத் தெரியும். சித்தப்பா பழக நினைப்பது ஐந்தாறு பேர் மேசை. அது வேறு ஆட்டம் என்றே சொல்லலாம். அதோடு, அது உங்களைக் கவனிப்பதே இல்லை. நீங்கள் தவறாக ஆடினாலும் பதிலுக்குத் தன் ஆட்டத்தை மாற்றாது, எங்கே தவறினீர்கள் என்று சொல்லவும் சொல்லாது.

*நாதன் சித்தப்பா:* நேற்று போக்கர்டிஎச் என்று ஒன்றை இறக்கினேன். இலவசம். ஒரு நல்ல ஆட்டம் ஜெயித்தேன், கேள். என் கையில் இஸ்பேட் 8, 5. மேசையில் விழ வேண்டிய ஐந்து பொதுச் சீட்டில் நாலு விழுந்தாயிற்று, அதில் இரண்டு இஸ்பேட். நடுவில் குவிந்த பந்தயத் தொகை, அதாவது பாட், 100. எதிரில் இருந்தது தன்னிடம் மீதி இருந்த 50-ஐயும் வைத்துவிட்டது. மற்றவர்கள் எல்லாரும் ஃபோல்ட், சீட்டைப் போட்டுவிட்டு விலகிவிட்டார்கள். நான் விடவில்லை. கடைசிச் சீட்டும் இஸ்பேட், எனக்கு ஐந்து இஸ்பேட் சேர்ந்துவிட்டது!

*கதிர்:* சூப்பர் அப்பா 👏👏

*அகிலா:* சித்தப்பா, வாழ்த்துகள். ஆனால் அங்கே நீங்கள் ஃபோல்ட் செய்திருக்க வேண்டும். 50 போட்டால் மொத்தப் பாட் 200 ஆகும். நாலில் ஒரு தடவையாவது, அதாவது 25 சதவீதம், ஜெயித்தால்தான் போட்ட காசு திரும்பும். 52-ல் உங்கள் கையில் 2, மேசையில் 4 போக நீங்கள் பார்க்காத சீட்டு 46, அதில் ஒன்பதுதான் இஸ்பேட். அது 20 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. எதிராளியிடம் வேறு காசும் இல்லை, அதனால் இஸ்பேட் விழுந்தாலும் மேற்கொண்டு எதுவும் வராது.

*நாதன் சித்தப்பா:* அப்படியா! ஜெயித்ததால் சரியாக ஆடினேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். புரோகிராம் ஒன்றும் சொல்லவில்லையே.

*அகிலா:* சொல்லாது. போக்கர்டிஎச் வெறும் மேசைதான் போட்டுக் கொடுக்கும். பத்துப் பேர் வரை உட்கார வைக்கலாம். பந்தய முறையும் யாருக்குப் பிறகு யார் என்பதும் கைக்குப் பழகும். அதற்கு மேல் அதிலிருக்கும் கம்ப்யூட்டர் ஆட்களை நம்பிப் பழகினால் கெட்ட வழக்கம் ஒட்டிக்கொள்ளும். அவர்களுடைய பந்தயத்தில் பல நேரம் தலையும் இருக்காது, வாலும் இருக்காது.

*கதிர்:* அப்போ தப்பைச் சொல்லிக் கொடுப்பது எது?

*அகிலா:* போக்கர்ஸ்னோவி. தனக்குத் தானே ஆடி ஆடிப் பழகிய நியூரல் நெட்வொர்க், அதாவது உதாரணங்களிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் புரோகிராம். அதோடு ஆடலாம். எந்த இடத்தில் தவறினீர்கள், எவ்வளவு பெரிய தவறு என்றும் காட்டும். இந்த இஸ்பேட் ஆட்டத்தை ஜெயித்திருந்தாலும் தவறு என்றே குறித்திருக்கும். கட்டணம் உண்டு, ஆனால் பழகுகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான். சித்தப்பா போன்றவருக்கு வேண்டியது தோற்கடிக்கிற எதிராளி இல்லை, திருத்துகிற எதிராளி.

*கதிர்:* பயோசால்வர் என்கிறார்களே அக்கா?

*அகிலா:* அது எந்த இடத்தில் எப்படி ஆடுவது சரி என்று கணக்குப் போட்டுக் காட்டும் கருவி. அப்பாவுக்கு இப்போது வேண்டாம்.

எனக்கு நிஜமாகவே வருத்தம் போக்கர் அகாடமி என்ற புரோகிராம் போனதில்தான். அதே ஆல்பர்ட்டா ஆய்விலிருந்து வந்தது, இப்போது விற்பனையில் இல்லை. போக்கி, ஸ்பார்பாட், வெக்ஸ்பாட் என்று குணம் வேறு வேறான எதிராளிகள் அதில் உண்டு. வெக்ஸ்பாட் நீங்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே வந்து அதற்கேற்பத் தன் ஆட்டத்தை மாற்றும். எப்போதும் ஒரே மாதிரி பிளஃப் செய்கிறவரை, அதாவது நல்ல சீட்டு இல்லாமலே இருப்பதுபோல் பந்தயம் வைக்கிறவரை, அது விடாது. மனிதர்களோடு ஆடுவதற்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

*பெரியம்மா:* எனக்குப் பாதி புரியவில்லை. அந்த 46 சீட்டுக் கணக்கு மட்டும் புரிந்தது, நன்றாக இருக்கிறது.

*நாதன் சித்தப்பா:* அப்போ முதலில் போக்கர்டிஎச், கை பழகியதும் ஸ்னோவி. எத்தனை பேரை உட்கார வைக்கட்டும்?

*அகிலா:* உங்களோடு ஐந்து பேர் போதும். புதிய ஆட்டம் திறக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், யார் எவ்வளவு வைத்தார்கள் என்று கண்ணுக்குத் தெரியும். கால் செய்யும் முன், அதாவது எதிராளி வைத்ததற்கு ஈடாக வைக்கும் முன், பாட் எவ்வளவு, நமக்கு வேண்டிய சீட்டு எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் ஸ்கிரீன்ஷாட் போடுங்கள்.

*நாதன் சித்தப்பா:* சரிம்மா. இப்போதே ஒன்று வந்திருக்கிறது, கையில் இரண்டு 9. படம் அனுப்புகிறேன், இரு.