விக்கிப்பீடியாவை எடைபோட 9ஆம் வகுப்புக்கு எப்படிப் பழக்குவது?

மையும்_மவுசும் (கேள்வி)

9ஆம் வகுப்பு, சமூக அறிவியல். ப்ராஜெக்ட் கொடுத்தால் பாதிப் பேர் விக்கிப்பீடியாவை அப்படியே இறக்கிவிடுகிறார்கள். "விக்கியைப் பார்க்காதே" என்றால் கூகுளில் முதலில் வருவதை எழுதுகிறார்கள். அது இன்னும் மோசம். தடை போடாமல், எதை எவ்வளவு நம்பலாம் என்று அவர்களே பார்க்கப் பழக்க வேண்டும். ஹைடெக் லேபில் 10 கணினி, 40 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை. "யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஜாக்கிரதை" என்பது ஏற்கெனவே சொல்லியாயிற்று, பயனில்லை.

அடிக்குறிப்பு

"இந்தக் கட்டுரை நம்பகமானதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஆமாம்", "இல்லை" என்ற இரண்டு பதிலோடு முடிந்துவிடும். கட்டுரையை விட்டுவிட்டு ஒரு வாக்கியத்தைப் பிடியுங்கள்.

கணினிக்கு நாலு பேர். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே கட்டுரையில் வெவ்வேறு மூன்று வாக்கியங்கள், அடிக்குறிப்பு எண் உள்ளவையாக. தாளில் நாலு கட்டம்: வாக்கியம், எண், மூலத்தில் உள்ள சொற்கள் (பார்த்து எழுத வேண்டும், சுருக்கக் கூடாது), தீர்ப்பு. தீர்ப்பு நாலே வகை: அப்படியே இருக்கிறது, பாதி இருக்கிறது, இல்லை, மூலம் திறக்கவில்லை. 5 நிமிடம் நீங்கள் ஒன்று செய்து காட்டுங்கள், 25 நிமிடம் அவர்களுக்கு, மீதி பேச்சு. கட்டுரையை முந்தின நாளே தேர்ந்தெடுத்து, பக்கவாட்டில் உள்ள "நிரந்தர இணைப்பு" முகவரியைக் கொடுங்கள். இல்லையென்றால் பாடவேளைக்குள் யாராவது திருத்திவிட்டு வாக்கியமே மாறியிருக்கும்.

சரக்கெல்லாம் "பாதி இருக்கிறது" என்பதில்தான். மூலத்தில் "கட்டியதாகக் கருதப்படுகிறது" என்றிருக்கும், கட்டுரையில் "கட்டினான்" என்றாகியிருக்கும். "சுமார்" காணாமல் போயிருக்கும். கோயில் கட்டுரைகளில் தலபுராணம் சொன்னதும் கல்வெட்டு சொன்னதும் ஒரே வாக்கியத்தில் கலந்து கிடக்கும். கோடு போட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள்.

"மூலம் திறக்கவில்லை" என்றால் பொய் என்று பொருளில்லை, இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இணைப்பு செத்திருந்தால் அந்த முகவரியை வேபேக் மெஷினில் (பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் தளம்) ஒட்டிப் பார்க்கலாம். அங்கும் இல்லையென்றால் தீர்ப்பைத் திறந்தே விடட்டும்.

பழைய_நூலகர்

மேலே சொன்னதோடு ஒன்று. அடிக்குறிப்பு இருப்பதே சான்று ஆகிவிடாது. அதற்கு ஆங்கில விக்கிப்பீடியாவின் "பிச்சோலிம் போர்" நல்ல பாடம். பிச்சோலிம் கோவாவில் உள்ள ஊர், அது நிஜம். 1640-41இல் போர்த்துகீசியருக்கும் மராட்டியப் பேரரசுக்கும் அங்கே போர் நடந்ததாக 2007இல் ஒருவர் நீண்ட கட்டுரை எழுதினார், அடிக்குறிப்புகள் சகிதம். அதே ஆண்டு "நல்ல கட்டுரை" தகுதியும் கிடைத்தது. 2012 கடைசியில்தான் நீக்கினார்கள். போரும் கற்பனை, ஆதாரமாகக் காட்டிய புத்தகங்களும் கற்பனை.

இதை வகுப்பில் வைக்கும்போது விடையை முதலில் சொல்லாதீர்கள். "1640", "மராட்டியப் பேரரசு" என்ற இரண்டை மட்டும் பலகையில் எழுதிப் பாடப்புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். சிவாஜி முடிசூடியது 1674. 1640இல் அவர் சிறுவர். பேரரசு எங்கிருந்து வந்தது? நூலகம் போகாமலே விழும் ஓட்டை இது. அடுத்து, மேற்கோளில் உள்ள நூலின் பெயரை நூலகப் பட்டியலில் தேடச் சொல்லலாம், ஐ.எஸ்.பி.என். (நூலுக்கான அடையாள எண்) இருந்தால் அந்த எண்ணையே போட்டுத் தேடலாம். நூலும் இல்லை, ஆசிரியரும் வேறெங்கும் இல்லை என்றால் மனதில் சந்தேக மணி அடிக்க வேண்டும்.

இன்னொரு பொறி: "மூன்று தளத்தில் பார்த்தேன், மூன்றிலும் அதேதான் இருக்கு." மூன்றும் விக்கியிலிருந்து எடுத்ததாக இருக்கலாம், அதன் உரிமம் அதை அனுமதிக்கிறது. பத்துச் சொல் கொண்ட வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் நகல்கள் வரிசையாக வந்து நிற்கும். அவை அத்தனையும் ஒரே சாட்சி.

மையும்_மவுசும்

நன்றி ஐயா. தமிழ் விக்கியில் ஒரு எண், ஆங்கிலத்தில் வேறு எண் என்றால் எதைச் சரி என்பது? சென்னை மக்கள்தொகையைத் தேடினால் 46 லட்சம், 67 லட்சம், 86 லட்சம் என்று வருகிறது.

கணக்கெடுப்பு

மூன்றுமே சரி, டீச்சர். அதனால்தான் இது அருமையான உதாரணம். 2011 கணக்கெடுப்பில் 46,46,732 என்பது அன்றைய சென்னை மாவட்டம், பரப்பு 175 சதுர கிலோமீட்டர். அதே ஆண்டு அக்டோபரில் மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. விரிந்த எல்லைக்குள் 2011இன் எண்களைக் கூட்டினால் சுமார் 67 லட்சம். 86 லட்சத்துச் சொச்சம் சுற்றியுள்ள நகரங்களையும் சேர்த்த பெருநகரத் தொகுப்பு.

தப்பு நடப்பது கலக்கும்போது. 46,46,732ஐ 175ஆல் வகுத்தால் அடர்த்தி 26,553. அதே எண்ணை 426ஆல் வகுத்தால் சுமார் 10,900தான் வரும். கட்டுரையின் ஓரத்தில் உள்ள தகவல் பெட்டியில் பரப்பைப் புதுப்பித்தவர் மக்கள்தொகையைத் தொடாமல் விட்டால் இந்தக் கோளாறு வரும். பெட்டியில் உள்ள மூன்று எண்களையும் பிள்ளைகளே வகுத்துச் சரிபார்க்கட்டும், 3 நிமிட வேலை. எண் எதுவானாலும் பக்கத்தில் "எந்த ஆண்டு, எந்த எல்லை" என்று எழுதாவிட்டால் மதிப்பெண் கிடையாது என்று வைத்துவிடுங்கள்.

வரலாறு_தாவல்

கட்டுரைக்கு மேலே உள்ள தாவல்களையும் (tab) காட்டுங்கள். "வரலாற்றைக் காட்டவும்" என்பதில் சிவப்பில் பெரிய கழித்தல் எண் வந்து அடுத்த வரியிலேயே மீட்கப்பட்டிருந்தால் யாரோ அழித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் தொகுப்புகளின் (திருத்தங்களின்) எண்ணிக்கையை வைத்துத் தரம் சொல்ல வேண்டாம். சண்டை நடந்தாலும் எண்ணிக்கை ஏறும். சந்தேகமான வாக்கியம் முதலில் நுழைந்த தேதியைக் கண்டுபிடித்து, அதற்குக் காட்டிய செய்தியின் தேதியோடு ஒப்பிடச் சொல்லுங்கள். செய்தி பிந்தியது என்றால் செய்தியாளரே விக்கியைப் பார்த்து எழுதியிருக்கலாம். கோவாட்டி என்ற விலங்குக்கு "பிரேசில் ஆர்ட்வார்க்" என்று 2008இல் ஒரு மாணவர் விளையாட்டாகச் சேர்த்த பெயர் அப்படித்தான் நாளிதழ்களுக்குப் போய், அங்கிருந்து ஆதாரமாகத் திரும்பி வந்தது.

மொபைலில் வரலாறு எளிதில் கண்ணில் படாது. பக்கத்தின் அடியில் கடைசியாகத் தொகுத்ததைச் சொல்லும் வரியைத் தொட வேண்டும்.

"தப்பு சேர்த்துப் பார்ப்போம், எவ்வளவு நேரத்தில் பிடிக்கிறார்கள்" என்ற சோதனை மட்டும் வேண்டவே வேண்டாம். லேப் கணினிகள் பெரும்பாலும் ஒரே இணைய முகவரியில் (ஐ.பி.) வெளியே போகும், ஒருவன் விஷமம் செய்தால் மொத்தப் பள்ளிக்கும் தொகுக்கத் தடை விழும். நிஜமான பிழை கிடைத்தால் "உரையாடல்" பக்கத்தில் வாக்கியத்தையும் மூலத்தையும் பக்க எண்ணோடு எழுதி வைக்கட்டும்.